புள்ளிகளில் வந்த புகார்

ரயில் நிறுவனத்தின் பயணிகள் கருத்துப் பிரிவு நான்காவது மாடியில், கோப்பு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. மொத்தம் மூன்று மேசைகள். ஜன்னலோர மேசைக்காரியை அலுவலகத்தில் ஒரு பெயரிலும் ரயிலில் வேறொரு பெயரிலும் கூப்பிட்டார்கள். ரயிலில் அவள் படிவக்கா. பன்னிரண்டு வருஷம் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள். கவுன்டர் இருந்த இடத்துக்கு இயந்திரம் வந்தபோது, "உங்களுக்கு ஜனங்களோட பேசிப் பழக்கம் இருக்கு" என்று சொல்லி இந்தப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆறு வருஷமாகக் கையில் ஓர் அட்டை, அட்டையில் செருகிய படிவங்கள், நூலில் கட்டித் தொங்கும் பேனா என்று பெட்டி பெட்டியாக ஏறி இறங்குவதுதான் பிழைப்பு.

அவளைக் கண்டதும் பாதிப் பேர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்கள். மீதிப் பேர் கேள்வி முடியும் முன்பே "எல்லாம் நல்லாருக்குங்க" என்று விடுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர், கழிப்பறையே இல்லாத வண்டியில் கழிப்பறை மிகச் சுத்தமாக இருப்பதாக டிக் அடித்துக் கொடுத்தார். அதையும் சேர்த்துத்தான் அந்த மாதக் கணக்கெடுப்பு மேலே போனது.

ஒருநாள் காலை மேலாளர் ஓர் உறையைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் வரைபடமாகப் பார்த்தால்தான் அவருக்கு மண்டையில் ஏறும்.

"பாருங்கம்மா, யாரோ வேலையத்தவங்க. வெறும் பேப்பர மடிச்சுப் போட்டு அனுப்பறாங்க. இது மூணாவது தடவ. தபால் செலவுக்குக் கூட மனசு நோகல போல."

"ஒண்ணுமே எழுதலையா சார்?"

"ஒரு எழுத்து கிடையாது. நல்ல கெட்டித் தாள். மத்த ரெண்டையும் நான் குறிப்பு எழுத வச்சுக்கிட்டேன். இத நீங்க வச்சுக்குங்க."

அன்று மதியம் ஒரு தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ள அவள் அந்தத் தாளை இழுத்தாள். இரண்டு இலக்கம் எழுதுவதற்குள் பேனா மூன்று இடத்தில் தடுக்கியது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தாள் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள் மேலெழும்பி இருந்தன. விரலால் தடவினாள். வரிசை வரிசையாக, இடைவெளி விட்டு, பத்தி பிரித்து யாரோ நிறையப் பேசியிருக்கிறார்கள். கண் தெரியாதவர்கள் விரலால் படிக்கும் பிரெயில் எழுத்து. ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை.

மேலாளரின் மேசைக்குப் போய் மற்ற இரண்டு தாள்களையும் கேட்டாள். ஒன்றில் அவர் மனைவி சொன்ன மளிகைச் சாமான் பட்டியல் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. பட்டியலை வேறு தாளில் எழுதிக்கொண்டு, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.

நகர நூலகத்தின் தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அங்கே இருந்த நூலகர் அம்மாவுக்கும் கண் தெரியாது. படிவக்கா நீட்டிய தாளை மேசையில் விரித்து, இரண்டு கையின் சுட்டுவிரல்களையும் ஓடவிட்டார். மூன்றாவது வரியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க. சிரிச்சு முடிச்சுட்டுப் படிக்கிறேன்" என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஐயா, மேம்பாலத்தடி நிலையத்தில் நான்கு மாதங்களாக ஒலி அறிவிப்பை நிறுத்திவிட்டு மின்பலகை வைத்திருக்கிறீர்கள். பலகையில் எல்லாம் தெளிவாக எழுதியிருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கடிதத்திலும் எல்லாவற்றையும் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் பலகை எனக்கு எவ்வளவு உதவுகிறதோ, அவ்வளவு உதவி இந்தக் கடிதத்தால் உங்களுக்கு உண்டாகட்டும். சென்ற மாதம் ஏழு நாற்பது வண்டி என்று நினைத்து எதிர்ப்பக்கம் வந்த விரைவு வண்டியில் ஏறிவிட்டேன். எழுபது கிலோமீட்டருக்கு அது எங்கும் நிற்கவில்லை. நான் பெரிய மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அன்று பதினொரு நோயாளிகள் எனக்காகக் காத்திருந்துவிட்டுப் போனார்கள்."

கீழே பெயரும் முகவரியும் இருந்தன. நூலகர் தாளை மடித்துக் கொடுத்தார். "மனுஷன் சும்மா சொல்லக்கூடாது, நல்லாக் கிள்ளிருக்கார்" என்றார்.

படிவக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறிவிப்பை நிறுத்தச் சொன்ன அறிக்கை அவள் எழுதியது.

நடந்தது இதுதான். மேம்பாலத்தடி நிலையத்தை ஒட்டி ஒரு தெரு. நிலையத்தின் பெரிய ஒலிபெருக்கி அந்தத் தெருவைப் பார்த்தே முழங்கும். தெருக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். நிறுவனமும் முறைப்படி கருத்துக் கேட்டது. தெருவில் அறுபத்து நான்கு வீடு, அதில் ஐம்பத்தோரு வீட்டில் சத்தம் தாங்க முடியவில்லை என்றார்கள். பிறகு ஏழு நாற்பது வண்டியில் முந்நூறு பயணிகளிடம், "மின்பலகை வைத்தால் ஒலி அறிவிப்பு தேவையா?" என்று கேட்டாள். இருநூற்று எழுபது பேர் தேவையில்லை என்றார்கள். மேலாளர் அதை நீலமும் ஆரஞ்சுமாக ஒரு வட்டப்படம் போட்டு மேலே அனுப்பினார். ஒரே வாரத்தில் ஒலிபெருக்கி வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போனாள். பிசியோ ஐம்பது வயதுக்காரர். வழுக்கைத் தலை, முழங்கை வரை மடித்த சட்டை. ஒரு நோயாளியின் தோளை மெல்லச் சுழற்றி அனுப்பிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தான் யார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியுது மேடம். நீங்க படிவக்கா தானே? ஏழு நாப்பதுல வாரம் ஒரு தடவ உங்க குரலக் கேட்டிருக்கேன்."

"உங்க கடுதாசி படிச்சேன் சார். படிக்க வச்சுக் கேட்டேன். மன்னிச்சுக்கணும், மூணு கடுதாசி வந்தும்..."

"அது பரவால்ல. நான் வேணும்னுதானே அப்படி அனுப்பினேன். மூணு போட்டாத் திறக்கும்னு ஒரு கணக்கு. நாலாவது வேற தயாரா இருந்துச்சு."

"அன்னிக்கு ஏறும்போது பக்கத்துல யாரையும் கேக்கலையா சார்?"

"கேட்டேனே. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வண்டி வந்து நின்னுச்சு. வழக்கமா நிக்காத விரைவு வண்டி, அன்னிக்கு சிக்னலுக்காக நின்னிருக்கு. பக்கத்துல நின்னவர இது ஏழு நாப்பதான்னு கேட்டேன். காதுல ஒயர மாட்டிக்கிட்டு இருந்தாரோ என்னமோ. இல்லேன்னு தலைய ஆட்டிருப்பார் போல, மறுத்துப் பேசலையேன்னு நான் ஏறிட்டேன். தலையாட்டறதுக்குச் சத்தம் கிடையாதே மேடம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பேனா ஓடும் சத்தம் நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"நாலஞ்சு மாசம் முன்னாடி இந்த ஒலி அறிவிப்பு பத்திக் கேள்வி கேட்டுக்கிட்டு வந்தீங்க. என் வலப்பக்கம் உக்காந்திருந்த பொண்ணக் கேட்டீங்க. அப்புறம் என் இடப்பக்கத்துக்காரரக் கேட்டீங்க. நடுவுல ஒரு ரெண்டு நொடி நின்னீங்க. நான் கூட பதில் சொல்லத் தயாராக் கைத்தடிய மடியில எடுத்து வச்சேன். நீங்க தாண்டிப் போயிட்டீங்க. ஏன்னு அப்பவே கேட்டிருக்கணும். எனக்கும் கொஞ்சம் ரோஷம்."

அவளுக்கு அந்த இரண்டு நொடி அப்படியே நினைவுக்கு வந்தது. வெள்ளைக் கைத்தடியைப் பார்த்தாள். படிவத்தில் டிக் அடிக்க வேண்டுமே, பாவம், இவரை எதற்குச் சிரமப்படுத்துவது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகக்கூட உணர்ந்தாள்.

"உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்னு நெனச்சேன் சார்" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

பிசியோ தலையாட்டினார். "சிரமந்தான். ஆனா எழுபது கிலோமீட்டர் அளவுக்கு வந்திருக்காது."

அன்று வீட்டுக்குப் போனவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ரயிலைப் பற்றி எந்தக் குறை காதில் விழுந்தாலும் அவருக்கு ஒரு வேளை சாப்பாடு கூடுதலாக இறங்கும். கதை முழுவதையும் கேட்டார். அன்றைக்கு மட்டும் கேலி செய்யவில்லை.

"இப்ப என்ன, திரும்பப் போட்டுட வேண்டியதுதானே அந்த ஒலிபெருக்கிய?"

"போட்டா அந்தத் தெருக்காரங்க? அவங்களும் பொய் சொல்லலையேங்க. நானே ஒரு வீட்டுல உக்காந்து கேட்டேன். டம்ளர்ல இருக்கற தண்ணி ஆடுது."

"அப்ப ரெண்டு பேரையும் ஒரே அறையில உக்கார வை. தனித்தனியாக் கேட்டா அவங்கவங்க வலியத்தான் சொல்லுவாங்க. எதிர்ல ஆள் இருந்தாத்தான் பேச்சு வரும். எங்க பஸ்ல அப்படித்தான், ஜன்னல மூடு திறன்னு ரெண்டு பேரு சண்டை போட்டா நான் வண்டிய நிறுத்திடுவேன். அவங்களே பேசி முடிச்சுப்பாங்க."

படிவக்கா மேலாளரிடம் போய் நின்றாள். வழக்கமாகக் கூட்டம் என்றால் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு நாள், பயணிகள் சங்கத்துக்கு ஒரு நாள் என்றுதான் நடக்கும். இரண்டையும் சேர்த்தால் கைகலப்பு வரும் என்று மேலாளர் பயந்தார். மளிகைப் பட்டியல் எழுதிய தாளின் நினைவு அவரை உறுத்திக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை, நூலகத்தின் மாடி அறை. முப்பது நாற்காலி போட்டதில் ஒன்பது பேர் வந்தார்கள். பிசியோ முன்வரிசையில் உட்கார்ந்து தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். தெருச் சங்கத் தலைவர் கொண்டுவந்திருந்த மனு நகலை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். குழந்தைகள் மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ் என்று சொன்னாள். அவள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலிலிருந்து ஒலிபெருக்கிக் கம்பம் பதினைந்து அடி தூரம்.

"சார், அந்த மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. பதிமூணு மாசம் நான் சேர்ந்தாப்புல ரெண்டு மணி நேரம் தூங்கல. காலைல எட்டரைக்கு வந்து படுத்தா, கால் மணிக்கு ஒருதரம் எழுப்பிவிட்டுடும். வேலையில மருந்து அளவ மூணு தடவ சரிபார்ப்பேன், அப்பவும் பயமா இருக்கும். எல்லாம் பச்சப் பிள்ளைங்க. தூங்கணும்னுதான் கையெழுத்துப் போட்டேன். யாரும் வழி தவறிப் போகணும்னு போடல."

பிசியோ குரல் வந்த திசைக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ போட்டது தப்பில்லம்மா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. உன்ன எழுப்பறது எது? பேசற பேச்சா, அதுக்கு முன்னாடி வர்ற மணியா?"

நர்ஸ் யோசித்தாள். "மணிதான் சார். அந்த டிங் டிங் டிங். பேச ஆரம்பிக்கறதுக்குள்ள நான் எழுந்து உக்காந்திருப்பேன்."

"அந்த மணி எனக்கு வேண்டவே வேண்டாம். கவனிக்காதவங்களக் கவனிக்க வைக்கத்தான் அது. நான் எப்பவும் கவனிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்."

"சத்தம்?"

"சத்தமும் அவ்வளவு வேண்டாம். எனக்குக் கண்ணுதானேம்மா தெரியாது, காது நல்லாத்தான் கேக்குது."

அறையே சிரித்தது. நர்ஸும் சிரித்தாள். படிவக்கா ஆறு வருஷத்தில் நடத்திய கூட்டங்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பின் சூடு ஆறும் முன்பே, சோதனை செய்து பார்க்க ஒரு நாளைக் குறித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை எட்டரை மணி. நிறுவனத்தின் ஒலிபெருக்கி மெக்கானிக், கம்பத்தின் மேலிருந்த பெரிய குழாயைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நடைமேடை பெஞ்சுகளை ஒட்டித் தோள் உயரத்தில் கைப்பிடி அளவுள்ள நான்கு சின்ன ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார். வாய் எல்லாம் தெருவுக்கு முதுகு காட்டி உள்பக்கம் பார்த்தன. பெரிய குழாயின் அளவுத் திருகை யாரோ எப்போதோ கடைசிவரை திருகி வைத்துவிட்டுப் போயிருந்ததைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். "இத ஒருத்தரும் தொட்டே பார்க்கல. கேட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை."

பிசியோ ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து நடைமேடையின் நடுவில் நின்றார். படிவக்கா நர்ஸின் வீட்டில் இருந்தாள். நர்ஸ் அப்போதுதான் பணியிலிருந்து வந்து, சீருடைகூட மாற்றாமல், எப்போதும் படுப்பதுபோல் படுத்துக்கொண்டாள். தலைமாட்டில் கைப்பேசி, பேச்சு வெளியே கேட்கும்படி. படிவக்கா கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் திரை பழைய போர்வையால் தைத்தது. சுவரின் விரிசல்களில் பஞ்சு அடைத்திருந்தது. தூக்கத்துக்காக இந்தப் பெண் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

கைப்பேசியில் பிசியோவின் குரல் வந்தது. "ஆரம்பிக்கலாமாம்மா? இதோ, முதல் அளவு."

வெளியே மெலிதாக, சோதனைக்காக ஓடவிட்ட பழைய அறிவிப்பு. "ஏழு நாற்பது வண்டி இரண்டாம் நடைமேடைக்கு..."

"கேக்குது சார். வார்த்தையே புரியுது" என்றாள் நர்ஸ்.

"எனக்குப் பக்கத்துல நின்னு கத்தற மாதிரி இருக்கு. குறைங்க மெக்கானிக். இப்ப?"

"கேக்குது. ஆனா புரியல."

"எனக்கு நல்லாப் புரியுது. இன்னும் குறைங்க. இப்ப எப்படிம்மா?"

"யாரோ அடுத்த வீட்டுல பேசற மாதிரி..." அவள் குரல் இழுபட்டது.

"சரி, பத்தடி தள்ளிப் போய் நிக்கறேன். ரயில் வர்ற இரைச்சலோடயும் பாக்கணும்ல." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஒரு வண்டி வந்து நின்று போனது. "ரயில் சத்தத்துலயும் எனக்குத் தெளிவா விழுந்துச்சு. இப்ப உனக்குக் கேட்டுச்சாம்மா?"

பதில் இல்லை.

"அம்மா? கேட்டுச்சா?"

படிவக்கா குனிந்து பார்த்தாள். நர்ஸ் வாய் லேசாகத் திறந்தபடி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தாள். படிவக்கா கைப்பேசியை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, குசுகுசுவென்று சொன்னாள்.

"தூங்கிட்டாங்க சார்."

பிறகு மெக்கானிக்கின் குரல், அவரும் ஏனோ குசுகுசுவென்றுதான் பேசினார். "அப்ப இதாங்க அளவு. இங்கயே ஒரு கோடு போட்டுடறேன்."

படிவக்கா தொங்கிய கையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். நடைமேடையில் பிசியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும், "நிஜமாவே தூங்கிடுச்சா அந்தப் பொண்ணு?" என்று இரண்டு தடவை கேட்டார். யாரோ பெரிய பரிசு கொடுத்ததுபோல அவர் முகம் மலர்ந்திருந்தது.

அறிக்கை எழுதுவதுதான் பாடாக இருந்தது. மேலாளர் அதை வாங்கிப் படித்தார்.

"எல்லாம் சரிம்மா. எத்தன சதவீதம் திருப்தின்னு போடலையே."

"ஒருத்தருக்குக் கேட்டுச்சு. ஒருத்தர் தூங்கினாங்க. அவ்வளவுதான் சார்."

"இத நான் எப்படிம்மா வட்டப்படம் போடறது?"

"படம் வேண்டாம் சார். அப்படியே அனுப்புங்க. மேல யாராவது கேட்டா என்னையே அனுப்புங்க, நான் போய்ச் சொல்றேன்."

மேலாளர் அன்று மாலைவரை தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வரி மட்டும் சேர்த்து அனுப்பினார். நிலையத்தில் எதை மாற்றினாலும் அதனால் யாருக்கு நஷ்டம் என்று முதலில் தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்பது அந்த வரி. மேலிடம் ஒரு மாதத்துக்குச் சோதனை முறையில் அனுமதி கொடுத்தது. மாதம் முடிந்தபோது மேலும் எட்டு நிலையங்களில் பெரிய குழாய்களை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மெக்கானிக்குக்கு வேலை கூடிவிட்டது, பார்க்கிறவர்களிடமெல்லாம் படிவக்காவைத் திட்டினார்.

எல்லோரும் திருப்தி என்று சொல்லிவிட முடியாது. தெருவின் நாலாம் எண் வீட்டில் ஓய்வுபெற்ற அச்சக முதலாளி ஒருவர் இருந்தார். சின்ன ஒலிபெருக்கியும் தனக்குக் கேட்கிறது, இது அநியாயம் என்று வாரம் ஒரு கடிதம் போட்டார். நல்ல கறுப்பு மையில், அடிக்கோடிட்டு, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. அலுவலகத்தில் அவருக்குப் பதில் எழுதி அலுத்துப்போனார்கள். "கேக்க வாய்ப்பே இல்ல, அந்த ஆள் வம்புக்குன்னே எழுதறார்" என்றார்கள்.

படிவக்கா ஒரு வியாழக்கிழமை படிவம் எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சந்தேகத்தோடு கதவைத் திறந்தார்.

"கேள்வி கேக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. உங்க அறையில உக்காந்து கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன். எந்த நாற்காலியில உக்காந்தா ரொம்பக் கேக்குது?"

அவர் கதவை முழுதாகத் திறந்துவிட்டார். பிறகு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை அள்ளிக் கீழே வைத்து, துண்டால் ஒரு தட்டுத் தட்டி இடம் பண்ணிக்கொடுத்தார்.

"அடுத்த வண்டி பத்து இருவதுக்கு" என்றார். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"இருக்கட்டும். அவசரம் ஒண்ணுமில்ல" என்று அவள் உட்கார்ந்தாள்.